ஒரு வீதிக்கு ஒரு கம்பி

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, 1905ஆம் ஆண்டளவில், நடுத்தரமான நகரம் ஒன்றின் வணிகர் மேசையை நோக்கினால், அங்கே இரண்டு தொலைபேசிகள் அருகருகே இருக்கக் காணலாம். ஒன்று பெல் கொம்பனியாருடையது. மற்றது உள்ளூர்க் கொம்பனி ஒன்றினுடையது. ஒரு கொம்பனியின் கம்பியிற் சேர்ந்தவர் மற்றதன் கம்பியிற் சேர்ந்தவரோடு பேச இயலாது. வைத்தியர் ஒன்றிலும் மருந்துக் கடைக்காரர் மற்றதிலும் இருந்தால், இருவரையும் அழைக்க விரும்பும் வீட்டார் இரண்டு கட்டணமும் செலுத்த வேண்டியதுதான்.

நேயர்களே, இன்று அந்நாட்டிலே வீட்டு இணையத்துக்கு மாதந்தோறும் பெருந்தொகை செலவாகின்றது என்றும், பல வீதிகளில் ஒரே கொம்பனியைத் தவிர வேறு புகல் இல்லை என்றும் மக்கள் குறைகூறுகின்றனர். அக்குறையின் வேரைத் தேடிச் செல்வோர் இந்த மேசைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். முதன்மையான இரு காப்புரிமைகளும் 1893இலும் 1894இலும் காலாவதியாயின. அதுவரை தொலைபேசி பெரும்பாலும் நகரத்து வணிகர்க்கும் செல்வர்க்குமே உரிய பொருளாய் இருந்தது. அணை திறந்ததும் ஆயிரக்கணக்கான சிறு கொம்பனிகள் தோன்றின. கமக்காரர் கூடித் தாமே கம்பி இழுத்தனர். சில இடங்களில் வேலியின் முட்கம்பியே தொலைபேசிக் கம்பியாகவும் பயன்பட்டது! போட்டி வந்த ஊர்களிற் பெல் கொம்பனியார் கட்டணத்தைக் குறைத்தனர். 1907இல் நாட்டிலிருந்த ஏறத்தாழ 60 இலட்சம் தொலைபேசிகளுள் அரைப்பங்கு அளவானவை பெல் அல்லாதாருடையவை.

அவ்வாண்டிலே பெல் அமைப்பின் தலைமைக்கு மீண்டும் வந்தவர் தியோடர் வேல். ஒரே கொள்கை, ஒரே அமைப்பு, எல்லார்க்கும் சேவை என்பது அவர் விளம்பரங்களிற் பரப்பிய மந்திரம். இரண்டு தொலைபேசி வைத்திருந்த வணிகருக்கு அது இனிமையாகவே ஒலித்திருக்கும். வேல் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், பிரிந்து கிடந்த கம்பிகளைச் சேர்ப்பதற்கு வழிகள் இரண்டு இருந்தன. கொம்பனிகளை ஒன்றாக்குவது ஒரு வழி. கொம்பனிகள் பலவாகவே இருக்க, ஒருவர் கம்பி மற்றவர்க்கும் திறந்திருக்க வேண்டுமெனச் சட்டம் செய்வது மறுவழி. நெடுந்தூரக் கம்பியைப் போட்டியாளருக்குக் கொடாமல் மறுத்துவந்தவர் பெல் கொம்பனியாரே என்பதையும் நாம் மறத்தலாகாது. தாம் வெட்டிய பள்ளத்தைக் காட்டி, பாலம் தம்மிடமே உண்டு என்று அவர்கள் சொன்னார்கள்.

1913இல், அரசாங்கத்தின் வழக்குக்கு அஞ்சி, நெடுந்தூரக் கம்பியைப் பிறருக்குத் திறப்பதாகக் கொம்பனியார் உறுதியளித்தனர். உள்ளூர்க் கம்பிகளைப் பற்றி அவ்வுறுதி பேசவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமோ, கொம்பனிகள் ஒன்றையொன்று வாங்கிச் சேர்வதை எளிதாக்கிற்று. ஆகவே நாடு தேர்ந்தது முதல் வழியையே.

பின்வந்த அரை நூற்றாண்டை விரைந்து கடப்போம். ஏகபோகத்தினால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நீதியன்று. திரான்சிஸ்டர் 1947இற் பிறந்தது பெல் ஆய்வுகூடத்திலேதான். ஆயினும், வீட்டிலிருந்த தொலைபேசியும் வீட்டுக்காரருக்குச் சொந்தமன்று, வாடகைப் பொருளே. பேசுவது அயலார் காதில் விழாதிருக்க வாய்க்குழலிற் பொருத்தும் கிண்ணம் போன்ற ஒரு சிறு மூடி விற்கப்பட்டது. அதையும் பொருத்தலாகாது என்று கொம்பனியார் தடுக்க, 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகே அம்மூடிக்கு விடுதலை கிடைத்தது. 1974இல் அரசாங்கம் தொடுத்த வழக்கின் முடிவாக, 1984 ஜனவரி முதலாந் திகதி பெல் அமைப்பு பிரிக்கப்பட்டு, உள்ளூர்ச் சேவை ஏழு பிரதேசக் கொம்பனிகளுக்குச் சென்றது. நெடுந்தூர அழைப்பிற் போட்டி மலர்ந்தது. வாசலுக்கு வரும் கம்பி மட்டும் முன்போலவே ஒருவர் கையில்.

இணையம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது அந்தத் தொலைபேசிக் கம்பி வழியாகவே. வீட்டுக்காரர் எந்த எண்ணை அழைக்கிறார் என்பது தொலைபேசிக் கொம்பனியின் காரியமன்று; கேட்ட எண்ணுக்கு இணைத்தே ஆக வேண்டும். இந்தப் பழைய நியதியின் நிழலில், 1990களில் ஆயிரக்கணக்கான இணைய வழங்குநர் முளைத்தனர். சிற்றூரிலே ஓர் அறையும் சில மோடங்களும் இருந்தாற் போதும், தொழில் தொடங்கலாம். 1996 டிசம்பரில் அமெரிக்கா ஒன்லைன் என்னும் பெருங்கொம்பனியே, மாதம் 19.95 டொலருக்கு மட்டில்லாச் சேவை தருவதாக இறங்கி வந்தது. அதே ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய கொம்பனிகள் தம் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்கு விடவேண்டும் என்றது.

அடுத்து வந்தது தொலைக்காட்சிக் கேபிள் வழியான வேக இணையம். கேபிளும் திறந்திருக்க வேண்டுமா என்ற வினா எழுந்தபோது, அது வெறுங் கம்பிச் சேவையன்று, தகவற் சேவை. ஆதலின் பழைய நியதி அதனைக் கட்டாது என்று தொடர்பாடல் ஆணைக்குழு 2002இல் தீர்த்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது. அதே ஆண்டில் தொலைபேசிக் கொம்பனிகளின் வேக இணையத்துக்கும் விலக்குக் கிடைத்தது. ஒரு சொல்லின் வரைவிலக்கணம் இத்தனை வீடுகளின் செலவைத் தீர்மானித்தது வியப்பன்றோ! பிரான்சிலோ, பழைய கம்பியை வாடகைக்கு எடுத்தே, ஃப்ரீ என்னுங் கொம்பனி 2002இல் மாதம் 29.99 யூரோவுக்கு வேக இணையம் விற்கத் தொடங்கியது.

புதியவர் தாமே வேறு கம்பி இழுக்கலாகாதா என நேயர்கள் கேட்கலாம். வீதியிற் பத்து வீடு சேர்ந்தாலும் நூறு வீடு சேர்ந்தாலும் கம்பி இழுக்கும் செலவு பெரிதும் மாறுவதில்லை; முந்தியவர் அந்த வீதியில் மட்டும் விலையைத் தாழ்த்திப் புதியவரை இளைக்கச் செய்யலாம்; கம்பத்தில் இடம் பெறுவதற்கே மாதங்கள் செல்லும். பெருஞ்செல்வம் படைத்த கூகிளே 2012இற் கன்சாஸ் நகரில் மாதம் 70 டொலர் கட்டணத்தில் இறங்கி, 2016இற் புதிய நகரங்களுக்குப் பரவுவதை நிறுத்திவைத்தது.

டெனசி மாநிலத்துச் சாட்டனூகா நகரம் வேறு விதமாய் நடந்தது. அந்நகரின் பொது மின்சார சபை, மின்வலையமைப்பைக் கண்காணிக்கவென்று ஒளியிழைக் கம்பி இழுத்து, அதிலே இணையமும் வழங்கிற்று. கேபிள் கொம்பனியார் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். 2010இல், தன் எல்லை முழுவதற்கும் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகம் தருவதாக அச்சபை அறிவித்தது. எல்லைக்கு அப்பாலிருந்த கிராமத்தவரும் கேட்டனர். மாநிலச் சட்டம் தடுத்தது. ஆணைக்குழு 2015இல் அத்தடையை நீக்க முயன்றது. 2016இல் நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டிற்று. வேலிக்கு இப்பால் ஒளியிழை. அப்பால் மந்தமான பழங்கம்பி. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, நகரைச் சூழ்ந்த மாவட்டத்தின் வறிய வீட்டு மாணவர் ஏறத்தாழ 28,000 பேருக்கு இணையம் இலவசமாக வழங்கும் திட்டத்தை மேற்கொள்ள அச்சபையால் இயன்றது.

ஏனைய ஊர்களின் வறியோருக்கு வாஷிங்டன் அரசாங்கம் செய்தது, கட்டணத்தில் மாதம் 30 டொலர் வரை தானே ஏற்றதாகும். 2 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதிற் சேர்ந்தன. பணம் கொம்பனிகளுக்குப் போயிற்று. கம்பியின் உடைமையில் மாற்றமில்லை. ஒதுக்கிய நிதி தீர்ந்து, 2024 ஜூன் முதலாந் திகதி அவ்வுதவி நின்றது. அடுத்த மாதத்துக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்துவதா, இணைப்பைத் துண்டிப்பதா என்று அந்த வீடுகளில் ஆலோசிக்க நேர்ந்தது.