திருட்டு வேட்டையில் கிடைத்த சான்று

கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பற்றிப் பாடநூல்கள் கூறுவது எளிய கதை. கோடையில் துருவக் கடல்களில் உண்டு கொழுக்கும். குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து, ஏறக்குறைய உண்ணாமலேயே இணைசேர்ந்து கன்று ஈனும். அரபிக்கடல் திமிங்கலங்கள் இவ்விதிக்கு அடங்காதவை. ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி, உண்பதும் ஈனுவதும் இங்கேயே. இதனை நாம் அறிந்துகொண்ட வழியோ தூய்மையானதன்று.

1966 நவம்பரில் 'ஸ்லாவா', 'சோவியத்ஸ்காயா உக்ராய்னா' ஆகிய சோவியத் ஆலைக் கப்பல்களின் அணிகள், தென்துருவக் கடலுக்குச் செல்லும் வழியில் அரபிக்கடலில் வேட்டையாடின. ஓமன், பாகிஸ்தான், இந்தியாவின் மேற்குக் கரை ஆகியவற்றுக்கு அப்பால் கொல்லப்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்கள், முந்தைய ஆண்டின் நான்கையும் சேர்த்து, 242. பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஆணையத்தின் விதிகளை மீறிய வேட்டை இது. ஆணையத்திற்கு அனுப்பிய கணக்கில் இவை இடம்பெறவில்லை.

ஆயினும் கப்பல்களிலிருந்த உயிரியலாளர் இரைப்பைகளைத் திறந்து பார்த்தனர்; கருக்களை அளந்தனர்; குறிப்பேடுகளைக் காத்து வைத்தனர். (பொய்க்கணக்கு எழுதிய அதே அமைப்புக்குள் மெய்க்கணக்கும் எழுதப்பட்டது என்பது ஆவணவியல் மாணவர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.) சோவியத் ஒன்றியம் சிதைந்தபின், 1993இல் அலெக்சி யாப்லகோவ் இம்மோசடியைப் பொதுவெளியில் அறிவித்தார். அரபிக்கடல் தரவுகளை 1997இல் வெளியிட்டவர் யூரி மிகாலேவ்.

இரைப்பைகளில் கிரில் வகை உயிரிகளும் கூட்டமாய்த் திரியும் மீன்களும் இருந்தன. வெப்பக் கடலில் திமிங்கலம் உண்டதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. கருக்களின் அளவோ வட அரைக்கோளத்து இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தியது. ஆகவே இவை தெற்கிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று ஓமன், சோமாலியக் கரைகளில் ஆழ்கடலின் ஊட்டச்சத்து நீரை மேலெழச் செய்கிறது, நுண்பாசி செழிக்கிறது, அதைத் தின்பவை பெருகுகின்றன. துருவக் கோடை பிற இடத்துத் திமிங்கலங்களுக்கு அளிப்பதைப் பருவக்காற்று இவற்றுக்கு அளிக்கிறது எனலாம்.

இச்சான்றை மிகைப்படுத்தவும் கூடாது. இரைப்பை காட்டுவது கடைசி உணவை மட்டுமே. பார்த்ததும் பெரும்பாலும் ஒரே மாதத்தை. பிற பருவங்களில் அவை எதை உண்கின்றன என்பதற்கு, கொல்லாமலே எடுக்கக்கூடிய தோல் மாதிரியின் ஐசோடோப்புகளையும் கழிவிலுள்ள மரபணுத் தடயங்களையும் நாடவேண்டும். அதற்கு முதலில் திமிங்கலம் கண்ணில் பட வேண்டும். 2000–2004 காலத்து ஒளிப்படங்களைக் கொண்டு ஓமன் கடலில் கணிக்கப்பட்ட எண்ணிக்கை 82.

இத்தரவை என் ஆய்வேட்டின் அட்டவணையில் சேர்த்தபோது, மாதிரி பெறப்பட்ட முறை என்னும் நிரலில் 'வணிக வேட்டை' என்றே முதலில் எழுதியிருந்தேன். பின்னர் அதை அடித்துவிட்டு, 'சட்டவிரோத வேட்டை' என்று திருத்தினேன்.