கில்லா (புனே தீபாவளிக் கோட்டை)

கில்லா என்பது மராட்டியரின் மலைக்கோட்டைகளை மண்ணிலும் கல்லிலும் சிறு உருவாகச் செய்துவைக்கும் தீபாவளி வழக்கம். மராத்தியில் இச்சொல்லுக்குக் கோட்டை என்று பொருள். புனேயின் பழைய பேட்டை முற்றங்களிலும், வானவடி போன்ற பகுதிகளின் அடுக்குமாடி வளாகங்களிலும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே இதைக் கட்டுகிறார்கள்.

உடைந்த செங்கல்லையும் கல்லையும் குவித்து, சேற்றில் தோய்த்த சாக்கை மேலே போர்த்துவார்கள். சாக்கின் மடிப்புகளே பாறைச் சரிவுகளாகிவிடும். பிறகு மதில், 'புருஜ்' எனப்படும் கொத்தளம், வாசல், சுனை எல்லாம் வரும். கடுகு தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் மலை பச்சை பிடிக்கும். நம் கொலுப்படிக்குக் கீழே 'பார்க்' வைக்கும் அதே கைவேலைதான். உச்சியில் சிம்மாசனத்தில் மராட்டிய மன்னர் சிவாஜி, வழியெங்கும் 'மாவளே' எனப்படும் வீரர்களின் பொம்மைகள். கோட்டை வாசலைவிட வீரன் உயரமாக நின்றாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

பிஜாப்பூர் தளபதி அப்சல் கான் கொல்லப்பட்ட பிரதாப்கட் (1659), சிவாஜியின் தளபதி தானாஜி உயிர்விட்ட சிங்ககட் (1670), சிவாஜியின் முடிசூட்டு நடந்த ராய்கட் (1674) ஆகியவை வழக்கமான தேர்வுகள். 1794இல் வானவடியில் இறந்த மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டேயின் நினைவிடமான ஷிண்டே சத்ரி அங்கேயே இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு மலைக்கோட்டைதான் வேண்டும்.

சிவாஜியின் காலத்தை மேடையேற்றியவர் பாபாசாகேப் புரந்தரே (1922–2021). யானை, குதிரைகளோடு திறந்தவெளியில் நடக்கும் அவருடைய 'ஜாணதா ராஜா' நாடகம் 1980களில் தொடங்கியது. அவர் எழுதிய சிவாஜி வரலாற்றை மறுப்போரும் உண்டு. 2015இல் அவருக்கு மகாராஷ்டிர பூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. மராட்டியப் போர்முறையை இன்றும் காட்டுவது 'மர்தானி கேள்' என்னும் போர்க்கலை. அதில் சுழற்றப்படும் தண்டபட்டா, முழங்கை வரை கையை மூடும் உறை கொண்ட வாள். அதைப் பிடித்தவர் மணிக்கட்டை மடக்க முடியாது. வீச்சு முழுவதும் தோளிலிருந்தே வரவேண்டும்.

ஆய்வுத் துறையில், 1910இல் வி. கா. ராஜவாடே முதலியோர் புனேயில் நிறுவிய பாரத இதிஹாச சம்சோதக் மண்டலைச் சொல்லவேண்டும். நாணற்பேனாவைத் தூக்காமல் ஓட்டி எழுதும் மோடி எழுத்திலான பழைய ஆவணங்கள் அங்கே காக்கப்படுகின்றன. நம் தஞ்சை சரசுவதி மகாலிலும் மோடிக் கட்டுகள் உண்டு. சிவாஜி காலக் கோட்டை நிர்வாகத்தில் மூவர் இருந்தார்கள்: சாவி ஹவல்தாரிடம், வருகைப் பதிவும் கணக்கும் சப்னிஸிடம், தானியமும் தளவாடமும் கார்கானிஸிடம். ஒருவர் கையிலேயே கோட்டை போய்விடாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. கில்லாவின் பொம்மைக் கூட்டத்தில் சப்னிஸைத் தேடிப் பிடிப்பது கடினம்.

2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் 12 மராட்டியக் கோட்டைகள் ஒன்றாக இடம்பெற்றன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதி ஒன்று, 1677இல் சிவாஜி கைப்பற்றிய நம் செஞ்சி.