கார் ஹீட்டர் குளிர்ந்த காற்றை வீசுவது ஏன்?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஜனவரி மாதம். மின்னசோட்டா போன்ற இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது அங்கே பெரிய செய்தி இல்லை. அப்படி ஒரு காலையில் ஒருவர் காரைக் கிளப்பி, ஹீட்டரின் குமிழை சிவப்புப் பக்கம் முழுவதும் திருப்புகிறார். கால் மணி நேரம் ஓட்டியும் வருவது குளிர்ந்த காற்றுதான். கை விறைக்கிறது. அதைவிட ஆபத்து, முன்கண்ணாடியில் உறைபனி படிந்து சாலையே தெரியவில்லை.

பட்டறைக்குப் போனால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக விட்டு, எஞ்சின் அறையிலிருந்து காருக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்க்கிறார். பாதி விடை அந்தத் தொடுதலிலேயே கிடைத்துவிடுகிறது. அந்த இரண்டு குழாய்களுக்குள் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல, நூறு ஆண்டு வரலாறு. அது தெரிந்தால் பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

சுட்ட செங்கல்லும் கரிப்பெட்டியும்

ஆரம்ப கால கார்களில் ஹீட்டர் கிடையாது. இருந்திருந்தாலும் பயன் இல்லை. ஏனென்றால் அவை பெரும்பாலும் குதிரை வண்டியைப் போலத் திறந்த வண்டிகள். குளிர்காலத்தில் பயணம் செய்தவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டார்கள். அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். கரித்துண்டு கனலும் சிறு பெட்டிகளும் கடைகளில் விற்றன.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி 1893 நவம்பர் 28 அன்று 'கார் ஹீட்டர்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எண் 509,415. மோட்டார் காருக்கு ஹீட்டர் கண்டுபிடித்தவர் என்று பல இடங்களில் இவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். டூரியா சகோதரர்கள் தங்கள் பெட்ரோல் வண்டியை மாசசூசெட்ஸில் முதன்முதலாக ஓட்டிப் பார்த்ததே அதே 1893 செப்டம்பரில்தான். அன்றைய அமெரிக்கர்களுக்கு 'கார்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரயில் பெட்டி! இதனால் வில்காக்ஸின் பெருமை குறைந்துவிடாது. ஒரு பெண்ணுக்குக் காப்புரிமை கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார். ஆனால் சொல்லின் பொருள் மாறியதைக் கவனிக்காமல் வரலாறு எழுதக்கூடாது.

மோட்டார் காருக்கு ஹீட்டர் தேவைப்பட்டது கார் மூடப்பட்ட பிறகுதான். 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் 10 சதவீதமே கூரையும் கண்ணாடிக் கதவும் கொண்ட மூடிய கார்கள். 1927-ல் அது 85 சதவீதம். எட்டே ஆண்டுகளில் கார் நான்கு சுவர் கொண்ட ஓர் அறையாகிவிட்டது. அறை என்றால் அதைச் சூடாக்கலாம் அல்லவா?

வீணாகும் சூடு

சூட்டைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மற்றொரு பங்கை ரேடியேட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. ஆக, வீணாகும் சூடு இரண்டு இடத்தில் கிடைக்கிறது. ஒன்று புகை, மற்றொன்று தண்ணீர்.

முதலில் பரவலாகக் கை வைத்தது புகையில். புகை வெளியேறும் இரும்புக் குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதன் வழியே காற்றை உள்ளே அனுப்பினார்கள். 1929-ல் ஃபோர்டு மாடல் ஏ காருக்கு இப்படிப்பட்ட ஹீட்டர் கிடைத்தது. விலை குறைவு, அமைப்பு எளிது, சீக்கிரம் சூடாகும். ஆனால் குழாயில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் போதும், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். குளிரா, விஷமா என்பதுதான் அன்றைய கேள்வி.

தண்ணீர் வழி

தண்ணீரில் அந்த ஆபத்து இல்லை. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீரில் ஒரு பகுதியை ரப்பர் குழாய் வழியாகக் காருக்குள் கொண்டுவந்து, ஒரு குட்டி ரேடியேட்டரில் ஓடவிட்டு, அதன் மீது விசிறியால் காற்றடித்தால் போதும். இந்தக் குட்டி ரேடியேட்டரின் பெயர் 'ஹீட்டர் கோர்'. 1930-களில் இந்த முறை வேரூன்றியது.

ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் கைகூட வேண்டியிருந்தது.

முதலாவது, பம்ப். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, தண்ணீர் பம்பே கிடையாது. சுடுதண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தை நம்பியே அவை ஓடின. தண்ணீரைத் தள்ளிக்கொண்டுபோய் காருக்குள் சுற்றிவர வைக்க அந்த ஓட்டத்துக்குப் பலம் போதாது.

இரண்டாவது, உறையாத தண்ணீர். குளிர்காலத்தில் ரேடியேட்டர் உறைந்து வெடிக்காமல் இருக்க அன்று ஆல்கஹால் கலந்தார்கள். ஆல்கஹாலோ சூடானால் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் தண்ணீரை அதிகம் சூடாக விட முடியாது, அடிக்கடி அளவும் குறைந்துபோகும். 1927-ல் எத்திலீன் கிளைக்கால் கொண்ட 'பிரெஸ்டோன்' விற்பனைக்கு வந்தது. இதன் கொதிநிலை 197 டிகிரி. எனவே எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடாகலாம் என்ற நிலை வந்தது.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். தண்ணீர் போதிய அளவு சூடாகும் வரை அதைப் பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு இது. இன்றைய கார்களில் பொதுவாக 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும்.

கெல்வினேட்டர் கொடுத்த காற்று

தொடக்க கால சுடுதண்ணீர் ஹீட்டர்கள் காருக்குள் இருக்கும் அதே காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின. மூச்சுக்காற்றின் ஈரத்தால் கண்ணாடி மங்கியது. இதற்கு விடை கண்டது நாஷ் நிறுவனம். 1937-ல் இது குளிர்பதனப் பெட்டி தயாரித்த கெல்வினேட்டருடன் இணைந்தது. ஆமாம், நம்மூர் வீடுகளிலும் தெரிந்த அதே கெல்வினேட்டர் பெயர்தான்! 1938 மாடல் நாஷ் கார்களில் வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே அனுப்பும் அமைப்பு வந்தது. அடுத்த ஆண்டு தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் சேர்ந்து 'வெதர் ஐ' என்ற பெயர் பெற்றது. இன்றைய கார் ஹீட்டர்களின் முன்னோடி இதுதான்.

எல்லோரும் இந்த வழியில் வரவில்லை. ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனத்தின் 'சவுத் விண்ட்' ஹீட்டர், ஒரு சிறு அறைக்குள் பெட்ரோலையே எரித்து 90 விநாடியில் சூடு தருவதாக விளம்பரம் செய்தது. வோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சின் காற்றால் குளிர்வது. சுற்றிவரத் தண்ணீரே இல்லை. பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து காரின் ஓரச் சட்டங்கள் வழியாகச் சூடான காற்று முன்னே வர வேண்டும். சட்டம் துருப்பிடித்தால் சூடு வழியிலேயே போய்விடும். அதே போலக் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட செவர்லே கார்வேரில் பழைய பயம் திரும்பியது. 1961 முதல் 1969 வரையிலான கார்வேர் ஹீட்டர்கள் வழியே விஷப்புகை உள்ளே கசியலாம் என்று 1971-ல் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை போனது.

இதற்கிடையே, பணம் கொடுத்து வாங்கும் கூடுதல் வசதியாக இருந்த ஹீட்டர் சட்டத்துக்குள் வந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்கக் கார்களில் முன்கண்ணாடியின் பனியை நீக்கும் அமைப்பு கட்டாயம் என்றது 103-ஆம் எண் பாதுகாப்பு விதி. கால் குளிர்ந்தால் அது அவரவர் கஷ்டம். கண்ணாடி மறைந்தால் எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து!

இரண்டு குழாய்கள் சொல்வது

இப்போது அந்த மெக்கானிக்கிடம் திரும்புவோம்.

இரண்டு குழாயும் சூடாக இல்லை என்றால், சுடுதண்ணீர் வரவே இல்லை. கூலண்ட் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி, சூடாவதற்குள் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறாது.

ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால், தண்ணீர் வருகிறது, ஆனால் கடக்கவில்லை. ஹீட்டர் கோரில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது தண்ணீரை விடும் வால்வு மூடியிருக்கும்.

இரண்டும் சூடு, ஆனால் காற்று குளிர்ச்சி என்றால், குற்றம் தண்ணீரில் இல்லை. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவு டாஷ்போர்டுக்குள் சிக்கியிருக்கும். அதைத் திருப்பும் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தால் 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும்.

இதில் மிக எளிதானது கூலண்ட் அளவைப் பார்ப்பது. ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குறைந்த கூலண்டை ஊற்றி நிரப்பிவிட்டால் மட்டும் போதாது, அது எங்கே கசிகிறது என்பதையும் தேட வேண்டும். இன்று கசிவை விட்டுவிட்டால், ஹீட்டருக்கு வந்த கேடு நாளை எஞ்சினுக்கு வரும்.

இனி இலவசம் இல்லை

மின்சாரக் கார் வந்ததும் கணக்கே மாறிவிட்டது. அதன் மோட்டார் அவ்வளவு சூட்டை வீணாக்குவதில்லை. எனவே பேட்டரியிலிருந்துதான் சூடு வர வேண்டும். 2019-ல் அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அமைப்பு ஐந்து மின்கார்களைச் சோதித்தது. உறைநிலைக்கு ஏழு டிகிரி கீழே ஹீட்டர் போட்டு ஓட்டியபோது, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. அதனால் பல மின்கார்களில் வெளிக்காற்றில் இருக்கும் சிறிதளவு சூட்டையும் உறிஞ்சித் தரும் 'ஹீட் பம்ப்' வந்தது. அதிலும் பழுது வராமல் இல்லை. 2022 பிப்ரவரியில் டெஸ்லா சுமார் 27,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மென்பொருள் பிழையால் ஹீட் பம்பின் ஒரு வால்வு தவறாகத் திறந்து, கண்ணாடியின் பனி நீங்காமல் போகலாம் என்பது காரணம். மீறப்பட்ட விதி எது தெரியுமா? 1968-ல் வந்த அதே 103!

பெட்ரோல் எஞ்சின் வீணடித்ததைத்தான் ஒரு நூற்றாண்டாக மனிதர்கள் குளிர்காய்ந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக யாரும் விலை கொடுக்கவில்லை. அதனால்தான் சூடு நிற்கும் வரை அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.