இரு பெயர் கொண்ட நண்டு



மும்பையிலோ, கொச்சியிலோ, விசாகப்பட்டினத்திலோ வாழும் நீங்கள், கடல்நீர் வற்றிய வேளையில் துறைமேடைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு நிறத்தில் சிறுசிறு கூடுகள் தூணெங்கும் அப்பிக் கிடக்கும். கையால் பிடுங்க வாரா. கொட்டலசு என்பது அவற்றின் பெயர். ஓடு உண்டு, இடம்விட்டு நகர்தல் இல்லை. ஆகவே பிரெஞ்சு அறிஞர் குவியே அவற்றைச் சிப்பி, நத்தை முதலிய மெல்லுடலிகளோடு சேர்த்தார். அந்நாளில் அவர் சொல்லை மறுப்பார் அரியர்.

மறுத்தவர் ஓர் இராணுவ மருத்துவர். ஜான் வாகன் தாம்ஸன் என்பது அவர் பெயர். அயர்லாந்தின் தென்கரையில் உள்ள கார்க் நகரில் பணியாற்றிய அவர், ஓய்வு வேளைகளில் மெல்லிய மஸ்லின் துணியால் வலை தைத்து, படகின் பின்னே கட்டிக் கடல்நீரை வடித்தார். வலையில் தங்கிய துளியுயிர்களைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு வளர்த்தார். செய்த வேலை இவ்வளவே. ஆனால் அதுவரை நூல்களை எழுதியோர், இறந்து சாராயத்தில் ஊறிய உயிர்களையே பெரும்பாலும் கண்டிருந்தனர்.

1826ஆம் ஆண்டு வசந்தத்தில், ஈரோட்டின் நடுவே கால்களால் நீந்தும், கண்ணுடைய சிற்றுயிர்கள் சில அவருக்குக் கிட்டின. சில நாட்களில் அவை நீந்துவதை விட்டன, மேலோட்டைக் கழற்றின, கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கொட்டலசுகளாயின! நீந்திய பருவத்தில் அவற்றின் கண்ணும் காலும் இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தையே காட்டின. கொட்டலசு, தலையைப் பாறையில் ஒட்டி, கால்களை மேலே வீசி இரை தேடும் ஒரு நண்டினத்து உயிர் என்பது இவ்வாறு தெரிந்தது. 1834இல் ஜெர்மானிய அறிஞர் பர்மைஸ்டரும் இதை உறுதிசெய்தார்.

நண்டின் வழக்கோ எளிதில் தீரவில்லை. பெருங்கண்ணும் முதுகில் நீண்ட முள்ளும் உடைய ஒரு நுண்ணுயிரைத் தனியினமாகக் கருதி, 1802இல் போஸ்க் என்பார் 'ஸோயியா' என்று பெயரிட்டிருந்தார். அடுத்த வடிவத்துக்கு லீச் என்பார் 'மெகலோபா' எனப் பெயரிட்டார். தாம்ஸனோ, முட்டை சுமந்த நண்டை வைத்து முட்டைகளைப் பொரிக்கச் செய்தார். வெளிவந்தவை ஸோயியாக்கள்! ஊரில் ஒரு பெயரும், பிழைக்க வந்த இடத்தில் வேறொரு பெயருமாக, ஒரே ஆளை இரண்டு பதிவேடுகளில் எழுதிவைத்த கதைதான். 1828 முதல் தம் முடிவுகளை அவர் கார்க் நகரிலேயே சிறு வெளியீடுகளாக அச்சிட்டார்.

எதிர்த்தவர்களைப் பொறாமைக்காரர் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. ராத்கே என்ற ஜெர்மானியர் 1829இல் ஆற்று நண்டினம் ஒன்றை ஆராய்ந்து, அதன் குஞ்சு முட்டையிலிருந்தே தாயின் சாயலில் வெளிவருவதைக் காட்டினார். லண்டனில் வெஸ்ட்வுட் என்பார் 1835இல் ஒரு தரை நண்டைச் சான்றாகக் காட்டி, உருமாற்றம் என்பதே இல்லை என்று வாதிட்டார். ராத்கே கண்டது மெய். நம் வயல் வரப்புகளில் வளை தோண்டும் நண்டைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். அதன் குஞ்சுகள் முழு நண்டுகளாகவே தாயின் வயிற்று மடிப்பில் ஒட்டியிருக்கும். ஆற்றில் மிதக்கும் குஞ்சை வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். கடலிலோ மிதத்தலே பரவுதற்கு வழி. இரு தரப்பாரும் தாம் கண்டதைச் சரியாகவே கண்டனர். ஒன்றை வைத்து மற்றெல்லாவற்றுக்கும் விதி வகுத்ததே பிழை.

தாம்ஸன் 1835இல் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றலாகி, 1847இல் சிட்னியில் காலமானார். டார்வின் எட்டு ஆண்டுகள் உழைத்துக் கொட்டலசு பற்றி எழுதிய நூல்கள் அதன் பின்னரே, 1851 தொடங்கி 1854க்குள், வெளிவந்தன.

துணிவலை மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது. 1845 முதல் ஜெர்மனியின் யோகன்னஸ் முல்லர் ஹெல்கோலாந்துக் கடலில் அதை வீசினார். முள்ளெலியை ஒத்த கடல்முள்ளிகளின் இளமை வடிவங்களும் வெளிப்பட்டன. இவ்வாறு மிதப்பனவற்றுக்கு 'பிளாங்க்டன்' என 1887இல் பெயரிட்டவர் ஹென்ஸன். வாழ்நாள் முழுதும் மிதப்பவை, சிலகாலமே மிதப்பவை என 1890இல் அவற்றைப் பிரித்தவர் ஹெக்கல். பின்னதற்கு அவர் இட்ட பெயர் 'மெரோபிளாங்க்டன்'. மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு இச்சொல் பலநாள் தொல்லை தந்தது. 'சிலகால மிதவைகள்' என்று எழுதிப் பார்த்தேன்; அழகில்லை, ஆனால் பொருள் கெடவில்லை.

நம் நாட்டிலும் இவ்வேலை நடந்தது. சென்னைக் கடலில் மிதக்கும் நண்டு, இறால் ஆகியவற்றின் இளம்பருவங்களைப் பற்றிய எம். கிருஷ்ண மேனனின் ஆய்வை 1937இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. 1960களில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் கப்பல்கள் வலைவீசிச் சேர்த்த மிதவைகள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றைக் குப்பிகளிலிருந்து எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் இனம் இனமாகப் பிரித்தனர். அதே கொச்சியின் காயல்களுக்குள், கடலில் பொரித்து மிதந்த இறால் குஞ்சுகள் ஏற்றநீரோடு நுழைந்து, பொக்காளி வயல்களில் வளர்கின்றன.