சுவருக்குத் தை, கூரைக்குச் சித்திரை



வெயில் ஏறத் தொடங்கியதும் "சார், லீவில் ஊருக்குப் போகிறோம், வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடித்துவிடலாமா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் கொத்தனார் இல்லை, வாத்தியார். அதனால் பழைய கதையிலிருந்துதான் தொடங்க முடியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டெல்டா பக்கம் வீட்டின் வெளிவேலைக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் இருந்தன. சுவர் வேலை தைக்கு முன்னால். கூரை வேலை பங்குனி, சித்திரையில். சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் காய்ந்து, ஆட்களும் ஓய்ந்திருக்கும் காலம் அது. கீற்று வீடு என்றால் பிரித்து வேய்வார்கள். நாட்டு ஓடு என்றால், அணிலும் பூனையும் குரங்கும் நகர்த்தியவற்றை எடுத்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவார்கள். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அந்தச் சீமை ஓடு ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்பது. அது வந்த வீடுகளில் இந்த வேலை பெரிதும் குறைந்தது.

மச்சு வீட்டுக்காரர்களுக்குச் சித்திரையில் மொட்டைமாடி வேலை. 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர்களே பெயர் சொல்லும் முறை நம்முடையது. தேக்கு உத்தரங்கள், குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் குத்துவாட்டில் மூலைவாக்காக நிறுத்திய சன்னமான செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்திய தளம் அது. கோடையில் எந்த விரிசல் வாய் திறந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அப்போது அடைத்தால்தான் ஐப்பசி மழைக்குத் தாங்கும்.

சுவருக்கு மட்டும் ஏன் தை? பொங்கலுக்காக என்று எல்லோரும் சொல்வோம். பண்டிகை உண்மைதான். ஆனால் வகுப்பில் செய்த ஒரு சோதனையை நினைத்துப் பாருங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினோம், பால்போல் வெளுத்தது அல்லவா? சுவரில் நடப்பதும் அதே. கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரமும் சிட்டிகை நீலமும் சேர்த்து, நுனி நசுக்கிய பனை மட்டையால் அடிக்கிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்குச் சுவரில் சற்று ஈரம் இருக்க வேண்டும், மெதுவாக உலர வேண்டும். மழை விட்ட மார்கழிக் கடைசி அதற்கு ஏற்ற நேரம். அக்னி நட்சத்திரத்தில் அடித்தால் கல்லாவதற்கு முன்பே காய்ந்து, சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கு சிமெண்ட் வந்த பிறகு மறந்தது. 1904இலேயே சென்னையில் கடல் சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்ய ஒரு முயற்சி நடந்தது, நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை ஓடத் தொடங்கியது. நம் பக்கம் 1934இல் மதுக்கரை, 1939இல் டால்மியாபுரம், 1949இல் தாழையூத்து. சிமெண்ட்டை நான் குறை சொல்லவில்லை. பாலமும் அணையும் அதில்தான் நிற்கின்றன. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவிலிருந்து அது எத்தனையோ குடும்பங்களை விடுவித்தது. சிமெண்ட்டால் கட்டிய வீட்டுக்கு சிமெண்ட் பூச்சு பொருத்தமே.

பழைய சுண்ணாம்புச் சுவர் வேறு ஜாதி. அது தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பகல் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரத்துக்கு வாசல் அடைபடுகிறது. அடைபட்ட ஈரம் மேலே ஏறும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் பழைய கட்டடத்தில் முழங்கால் உயரத்துக்குத்தான் உப்புப் பூத்திருந்தது. அழகாக சிமெண்ட் பூசினார்கள். இரண்டு மழைக்குப் பின் உப்பு கரும்பலகை உயரத்தில் பொரிந்து உதிர்ந்தது. பிள்ளைகள் தோளெல்லாம் மாவு.

இப்போது நம் குடும்பத்தின் பெரிய வீட்டையும் அப்படிச் செய்ய ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டிருக்கிறீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். பூசிய சிமெண்ட்டைப் பிறகு கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வரும். அந்தச் செங்கல் இன்று கிடைக்காது.

இந்தச் சித்திரையில் செய்ய வேண்டியது வேறு. மாடியில் தூம்புவாயைச் சுத்தம் செய்யுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை ஒடிக்காதீர்கள், வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். விரிசலைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடையுங்கள். பின்கட்டு ஓட்டைப் பிரித்து அடுக்குங்கள். சுவர் ஓரமாகப் போட்டிருக்கும் சிமெண்ட் தளத்தை ஓரடி அகலத்துக்காவது எடுத்துவிட்டால் ஈரம் ஏறுவது குறையும். வெள்ளையடிப்பது தைக்கு இருக்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், மார்கழிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அவசரம் என்று இப்போதே அடிக்கத்தான் வேண்டுமானால் முதல் நாள் மாலை சுவரை நனைத்து, மறுநாள் விடியற்காலையில் தொடங்கி, வெயில் விழும் முன் அந்தப் பக்கத்தை முடித்துவிடச் சொல்லுங்கள்.