ஆயுதம் ஓர் அமானிதம்

2024ஆம் ஆண்டின் ரமலான் மாதம். பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16ஆம் நாள் வெளியாயிற்று. அடுத்த சில நாட்களில், கூடுவாஞ்சேரியில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் தம் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்திற்கு எடுத்துச் சென்றார். மதுராந்தகத்திற்கு அப்பால் அவருக்குச் சிறிது நன்செய் உண்டு. காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க அவர் தந்தையார் வாங்கிய துப்பாக்கி அது. தந்தையாருக்குப் பின் மகன் பெயருக்கு உரிமம் பெறப்பட்டது. தேர்தல் நெருங்கினால், உரிமம் பெற்றோர் தம் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு நிர்வாகம் ஆணையிடுவது வழக்கம். பெரியவர் ஒப்படைத்துவிட்டுப் பற்றுச்சீட்டுடன் திரும்பினார்.

பள்ளிவாசலில் நோன்பு திறந்து கஞ்சி அருந்திக்கொண்டிருந்தபோது அச்சீட்டை நம்மிடம் காட்டி, "ஹஜ்ரத், இதுவும் ஓர் அமானிதம்தானே?" என்று புன்னகைத்தார். பின்னர் அவர் முகம் வாடிற்று. அவருடைய மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்கிறார். இரண்டாம் வகுப்பில் பயிலும் பேத்திக்குப் பள்ளியில் ஒரு பயிற்சி அளிக்கிறார்களாம். யாரேனும் துப்பாக்கியுடன் நுழைந்தால் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, மூலையில் மூச்சுக் காட்டாமல் அமர்ந்திருக்க வேண்டுமாம். "அவ்வளவு பெரிய நாடு, அந்தத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாதா, ஹஜ்ரத்?" என்று வினவினார்.

அதே விரிப்பில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் இதற்கு நேர்மாறாகக் கேட்டார்: "அங்கே ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை. இங்கே வெள்ளைக்காரன் நம் கையிலிருந்து பறித்தான். சுதந்திரம் வந்த பின்பும் அது திரும்பவில்லை. ஆபத்து வந்தால் நாம் எதைக் கொண்டு தற்காத்துக்கொள்வது?"

இரண்டு கேள்விகளுக்கும் அன்று நின்றபடியே விடை சொல்லிவிட நாம் விரும்பவில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பின், நமக்குத் தெளிவானதை ஈண்டு எழுதுகிறோம்.

பறிக்கப்பட்ட கதை

துப்பாக்கி என்னும் சொல்லே நம் மொழிக்கு விருந்தாக வந்தது. துருக்கியர் வழங்கிய சொல், தெலுங்கு வழியாகத் தமிழில் நிலைத்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி'யின் உடன்பிறப்பு. சொல் வந்த வேகத்தில் பொருளும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்துப் பாளையங்களில் வேலும் வாளும் வளரியும் இருந்தது போலவே துப்பாக்கியும் இருந்தது. ஊர்க்காவல் பாளையக்காரரின் பொறுப்பு. அதற்கெனக் குடிகள் வரி செலுத்தினர்.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதனை அடுத்து 1801 டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர் படை வைத்திருப்பதும் மக்கள் ஆயுதம் தாங்குவதும் அதனால் தடை செய்யப்பட்டன. பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. இவ்வாளுநர் வேறு யாருமல்லர்; நம் செங்கல்பட்டுக் கோட்டையை 1752இல் கைப்பற்றிய ராபர்ட் கிளைவின் மைந்தரே. தந்தை கோட்டையை வாங்கினார். மகன் கையிலிருந்த வேலை வாங்கினார்.

இதற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 1791 டிசம்பரில்தான் அமெரிக்கர் தம் அரசியலமைப்பில் இரண்டாம் திருத்தத்தைச் சேர்த்தனர். ஒழுங்குற அமைந்த குடிப்படையின் தேவையைக் கூறி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படலாகாது என்று அது விதித்தது. ஆங்கிலேயரை எதிர்த்து வென்றவர் ஆயுதத்தைச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டனர். ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றவர் அதனை இழந்தனர். இன்றைய இரு நாட்டு நிலைக்கும் வித்து அந்தப் பத்தாண்டுக்குள் விழுந்தது எனலாம்.

1857 கிளர்ச்சிக்குப் பின் அச்சம் மேலும் வளர்ந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878இல் இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் பிறந்ததே. துப்பாக்கி மட்டுமின்றி வாள், ஈட்டி, குத்துவாள், வில் அம்பு யாவும் அச்சட்டத்தின் பார்வையில் ஆயுதங்கள். அவற்றை ஏந்த இந்தியனுக்கு உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விதிகளின் வழியே விலக்கு. ஒரே தெருவில், ஒரே ஆயுதம், தோலின் நிறத்தால் ஒருவனுக்கு அலங்காரமும் மற்றவனுக்குக் குற்றமும் ஆயிற்று.

சென்னையில் எழுந்த குரல்

பத்திரிகைச் சட்டம் 1882இல் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டம் நீங்கவில்லை. 1887 டிசம்பரில் இந்திய தேசியக் காங்கிரசின் மூன்றாம் மாநாடு சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் கூடியது. தலைமை தாங்கியவர் பம்பாயின் பெரும் வழக்கறிஞர் பத்ருத்தீன் தையப்ஜி அவர்கள். காங்கிரசுக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் அவரே. இளைஞராயிருந்த விபின் சந்திர பாலர் இம்மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து உரத்துப் பேசினார். மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

அத்தீர்மானத்தின் நுட்பத்தை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் எந்நிலையிலும் ஆயுதம் வேண்டும் என்று அது கேட்கவில்லை. மக்கள் பொதுவாக ஆயுதம் வைத்திருக்கலாம். ஒருவருக்கோ ஒரு வகுப்பாருக்கோ அதனை அரசு மறுப்பதாயின், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்றே கேட்டது. துப்பாக்கியைவிட அவர்கள் பெரிதாக மதித்தது அந்தக் காரணத்தை. காரணமின்றி ஆயுதம் பறிக்கப்பட்டவன் குற்றமின்றித் தண்டிக்கப்பட்டவன் அல்லனோ?

அகிம்சையைத் தம் வாழ்வாகக் கொண்ட காந்தியடிகளும் இதில் மாறுபடவில்லை. ஒரு தேசம் முழுவதையும் நிராயுதமாக்கிய சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சி இழைத்த தீமைகளுள் மிகக் கொடியதாக 1918இல் அவர் குறிப்பிட்டார். 1930இல் அரசின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. 1931 கராச்சிக் காங்கிரசும் விதிகளுக்கு உட்பட்ட ஆயுத உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது.

நாமே எழுதிய சட்டம்

அங்ஙனமாயின் சுதந்திர இந்தியா அதை உரிமையாக ஏன் எழுதவில்லை? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதற்குத் திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றவாளிகளுக்கும் சேர்த்து அவ்வுரிமையை வழங்குவது எப்படி இயலும் என்பது அவர் கவலை. திருத்தம் தோற்றது. நாடு பிளவுண்டு, இலட்சக்கணக்கானோர் வீடிழந்து, காந்தியடிகளே அவ்வாண்டு ஜனவரியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகியிருந்த வேளை அது என்பதை நாம் மறக்கலாகாது. இறுதியில் பத்தொன்பதாம் பிரிவில் 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமையே இடம்பெற்றது.

ஆனால் லிட்டனின் சட்டம் அப்படியே நீடிக்கவும் இல்லை. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிறத்தைப் பார்த்து ஆயுதம் வழங்கும் வழக்கத்திற்கு அதில் இடமில்லை. கைத்தடியும் உழவுக் கருவியும் ஆயுதமல்ல என்று தெளிவாக்கப்பட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கிக்கு வழி வைக்கப்பட்டது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காட்டி ஏழைக்கு உரிமம் மறுக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. யாவற்றினும் மேலாக, உரிமத்தை மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்; பொதுநலனுக்குக் கேடில்லாதவிடத்து, கேட்டால் அதனைத் தெரிவிக்க வேண்டும்; மேல்முறையீடும் உண்டு. 1887இல் தையப்ஜி தலைமையில் சென்னை கேட்ட அந்தக் காரணம், எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் பதினான்காம் பிரிவில் ஏறி அமர்ந்தது. ஆகவே, 'வெள்ளைக்காரன் பறித்தது அப்படியே கிடக்கிறது' என்னும் கூற்று முழு உண்மையன்று.

நம் சட்டம் குறைவற்றது என்றும் நாம் கூறவில்லை. சுவிட்சர்லாந்தின் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2017ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, இந்தியப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம். அவற்றுள் பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் குறைவு. எஞ்சியவை கள்ளத் துப்பாக்கிகள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதும் தண்டனைக்குரியதாயிற்று.

அமெரிக்கரின் இடர்ப்பாடு

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அதே கணிப்பில் அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் 39 கோடியே 30 இலட்சம். மக்கள் தொகையோ 33 கோடியைத் தொடவில்லை. 2021ஆம் ஆண்டில் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதைப் பலர் அறியார். வீட்டைக் காக்க வாங்கிய துப்பாக்கி, மனமுடைந்த ஒரு நள்ளிரவில் வீட்டுக்குரியவனையே கொண்டுபோகிறது.

2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியாயினர். யுவால்டிக்குப் பின் வயதில் இளையோர் வாங்கும்போது கூடுதல் விசாரணை செய்யும் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆனால் அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்தத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நெடுநாளைய விதியைச் செல்லாததாக்கியது. நம் நாட்டில் கேட்பவனும் காரணம் சொல்ல வேண்டும், மறுப்பவனும் காரணம் சொல்ல வேண்டும். அங்கே கேட்பவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பைத் திருத்தவோ, நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் இசைய வேண்டும். திரும்ப வாங்கிக்கொள்வது எளிதன்று என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம்பிக்கையின்மை. ஆயுதத்தை ஒப்படைத்தால் அரசு நம்மைக் காக்குமா என்று ஐயுறுவோர் அங்கே பலர். அவ்வையத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்கு ஆயுதத்தை மறுத்த சட்டங்கள் அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தன. 1967இல் கறுப்பினச் சிறுத்தைகள் இயக்கத்தினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நடந்தபோது, கலிபோர்னியா மாநிலம் உடனே தடைச்சட்டம் இயற்றியது. எல்லோருக்கும் என எழுதப்பட்ட உரிமையும் ஆள் பார்த்தே வழங்கப்பட்டது. லிட்டனின் சட்டத்திற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இளைஞருக்கு நம் விடை

ஆயுதத்தை நம் மார்க்கம் அறியாததன்று. ஆனால் அதற்கு ஒழுங்கு விதித்தது. அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், பிறர்மீது படாதவாறு அம்பின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கட்டளையிட்டார்கள். விளையாட்டாகவும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைத் தடுத்தார்கள். உரிமை ஏந்துபவனுடையது, அச்சமின்றி நடக்கும் உரிமையோ எதிரே வருபவனுடையது. இரண்டாவதற்கு முதலாவது வழிவிட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் உணர்வது.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோர்மீது ஒருவன் சுட்டதில் 51 பேர் ஷஹீதாயினர். அவன் உரிமம் பெற்றவன் என்பதை நினைவில் கொள்க. அந்நாட்டு அரசு, தொழுகையாளிகளே துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூறவில்லை. ஒரு மாதம் நிறைவதற்குள் 119 உறுப்பினர் ஆதரிக்க, ஒருவரே எதிர்க்க, அத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்தது. மக்களிடமிருந்தவற்றை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. சிறுபான்மையினரின் உயிரைத் தன் பொறுப்பாக ஓர் அரசு ஏற்றதற்கு இது சான்று.

குடிமகன் தன் ஆயுதத்தை அரசிடம் விடுவது சரணடைவதன்று, அமானிதம் வைப்பது. அமானிதம் பெற்றவருக்குக் கடமை உண்டு. ஆள் பார்க்காது காத்தல் வேண்டும். மறுத்தால் காரணம் கூறுதல் வேண்டும். அக்கடமையில் அரசுகள் தவறிய நாட்களும் நம் நாட்டில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அமானிதம் காக்கத் தவறியவரிடம் கணக்குக் கேட்பதே முறை. நீதிமன்றமும் பத்திரிகையும் வாக்குச்சீட்டும் அக்கணக்கைக் கேட்கும் வழிகள். அவ்வழிகளை விட்டு வீட்டுக்கு வீடு துப்பாக்கி புகுந்தால், முதலில் அஞ்சப்போவது நம் குழந்தைகளே. டெக்சாஸில் விளக்கணைத்து அமர்ந்திருக்கும் அச்சிறுமியைக் கேட்டால் சொல்லுவாள்.

தேர்தல் முடிவுகள் ஜூன் 4ஆம் நாள் வெளியாயின. சில நாட்கள் கழித்துப் பெரியவர் பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தம் துப்பாக்கியைப் பெற்று வந்தார். குழலில் சிறிது துரு ஏறியிருந்தது என்று வருந்தினார். அடுத்த முறை எண்ணெய் தடவி ஒப்படைப்பதாகவும், காவலர்களிடம் அதனைப் பார்த்து வைக்கச் சொல்லப்போவதாகவும் கூறினார். அங்ஙனமே செய்யுங்கள் என்றோம். கொடுப்பவர் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வாங்கியவர் காப்பார்.