முக்குளிப்பு உடையும் நிறமும்

அமெரிக்க இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் 1952-இல், நுண்குமிழிகள் நிறைந்த செயற்கை ரப்பரான நியோபிரீனைக் கொண்டு முக்குளிப்பு உடையை வகுத்த காலத்தில், வெயிலின் புற ஊதாக் கதிரால் ரப்பர் விரிசலுறாமல் காக்கும் கரிப்பொடியின் கறுப்பே அதன் நிறமாயிற்று. மேலே நைலான் துணி ஒட்டப்பட்ட பின்னரே பிற வண்ணங்கள் புகுந்தன. 2018 முதல் சுவராஜ் துவீப் எனப்படும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் 1990-களுக்குப் பின் முக்குளிப்புச் சுற்றுலா வளர்ந்தது. அங்கு வாடகைக் கருவிகளை அடையாளம் காண நிறம் உதவும் என்றாலும், பெயின்ட்டின் கரைப்பான் ரப்பரை உப்பவைக்கும், கொதிநீர்ச் சாயம் குமிழிகளைச் சிதைக்கும், சிலிக்கோன் முகமூடியிலோ பெயின்ட் ஒட்டவே ஒட்டாது. அலுமினியக் காற்று உருளையை உயர்வெப்பத்தில் சுட்டு வண்ணம் ஏற்றினால் உலோகத்தின் வலுவே குன்றும். ஆகவே கழற்றத்தக்க வண்ண நாடாவும் துணியுறையுமே தீங்கற்றவை. அவற்றிலும் சிவப்பு கரையில்தான் எடுப்பாக இருக்கும், பத்து மீட்டர் ஆழத்தில் சாம்பலாக மங்கிவிடும். மஞ்சளோ அதற்குக் கீழும் கண்ணில் படும்.